தர்ப்பூசணிகளைச் சுட்ட துப்பாக்கி: ஏஆர்-15 பிறந்த கதை

1960 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினம். மேரிலாந்து மாநிலத்தில் ஹேகர்ஸ்டவுன் பக்கம் ஒரு பண்ணையில் விருந்து. விருந்து கொடுத்தவர் ரிச்சர்ட் பூடெல், ஃபேர்சைல்டு விமானக் கம்பெனியின் தலைவராக இருந்தவர். முக்கிய விருந்தாளி விமானப்படையின் துணைத் தளபதி கர்டிஸ் லெமே. 1945இல் டோக்கியோவை எரிகுண்டு போட்டுக் கொளுத்தியவர் என்றால் ஆளை அடையாளம் தெரியும். மனிதருக்குத் துப்பாக்கிகள் மீது தனிப் பிரியம். கோல்ட் கம்பெனிக்காக விற்பனைத் தரகு பார்த்த ஒருவர் மூன்று தர்ப்பூசணிகளை எட்ட எட்ட வைத்துவிட்டு, புது மாதிரித் துப்பாக்கி ஒன்றை லெமேயின் கையில் கொடுத்தார். சுட்டார், ஒரு பழம் சிதறிப் போனது. இன்னொன்றையும் சுட்டார். மூன்றாவதைச் சுட வேண்டாம், தின்றுவிடலாம் என்று சொல்லிவிட்டார். தின்றார்கள்.

அதற்கு முன்பே அமெரிக்கத் தரைப்படை அந்தத் துப்பாக்கியை ஓரம்கட்டியிருந்தது. உருவாக்கிய கம்பெனியோ, காசு முடையில் உரிமையை விற்றுவிட்டுக் கைகழுவியிருந்தது. லெமேக்குப் பிடித்துப்போனதால்தான் அதற்கு மறுவாழ்வு. நியூட்டவுன், பார்க்லேண்ட், உவால்டே என்று பள்ளிப் படுகொலைகள் நடந்த ஊர்ப்பெயர்களோடு சேர்த்து இன்று நம் காதில் விழும் ஏஆர்-15 அதுதான்.

இதன் தகப்பன் யார் என்று கேட்டால் எல்லாரும் யூஜின் ஸ்டோனர் என்பார்கள். பெற்றவர் அவர்தான், சந்தேகமில்லை. ஆனால் வளர்த்து ஆளாக்கியவர்கள் வேறு. அந்த வளர்ப்பில், அதைத் தடை செய்யக் கிளம்பியவர்களுக்கும் கணிசமான பங்குண்டு என்பது என் கட்சி.

ஸ்டோனர் 1922இல் இண்டியானா மாநிலத்தில் பிறந்து கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர். பொறியியல் பட்டம் கிடையாது. விமானத் தொழிற்சாலையில் ஆயுதங்களைப் பொருத்தும் வேலை பார்த்தார். இரண்டாம் உலகப் போரில் மரீன் படையில் அதே மாதிரியான வேலை. போர் முடிந்ததும் விமான உதிரிபாகத் தொழில். ஓய்வு நேரத்தில் வீட்டுக் கார் கொட்டகையில் தன் கைப்பணத்தைப் போட்டுத் துப்பாக்கி செய்து பார்ப்பார். இப்படிச் செய்த ஒன்றைச் சுட்டுப் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில்தான் ஜார்ஜ் சல்லிவன் அவரைச் சந்தித்தார். சல்லிவன் லாக்ஹீட் விமானக் கம்பெனியின் காப்புரிமை வக்கீல். விமானத்துக்குப் பயன்படும் அலுமினியத்தையும் பிளாஸ்டிக்கையும் வைத்துத் துப்பாக்கி செய்தால் என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தவர். ஃபேர்சைல்டின் பண உதவியோடு 1954இல் ஹாலிவுட்டில் ஆர்மலைட் என்ற சின்னப் பட்டறை உருவானது. ஸ்டோனர் அதன் தலைமை வடிவமைப்பாளர் ஆனார். துப்பாக்கியின் பெயரில் உள்ள ஏஆர் இந்தக் கம்பெனியைக் குறிப்பது.

அதுவரை துப்பாக்கி என்றால் வால்நட் மரக் கட்டையும் எஃகும்தான். ஸ்டோனர் எஃகை எங்கே தவிர்க்க முடியாதோ அங்கே மட்டும் வைத்துக்கொண்டார். உடல்பகுதி அலுமினியம், பின்கட்டையும் கைப்பிடியும் பிளாஸ்டிக். உள்ளே இன்னும் பெரிய துணிச்சல். தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளில், குழலில் பொங்கும் வெடிவாயுவின் ஒரு பங்கு ஒரு தண்டைத் தள்ளும். அந்தத் தண்டு, பின்னால் குண்டறையை மூடி நிற்கும் போல்ட்டைத் தள்ளும். ஸ்டோனர் தண்டையே எடுத்துவிட்டார். மெல்லிய குழாய் ஒன்றின் வழியாக வாயுவைப் பின்னுக்குக் கொண்டுவந்து நேராக போல்ட்டைத் தாங்கும் உருளைக்குள் விட்டார். எடை குறைந்தது. பின்கட்டையையும் குழலையும் ஒரே நேர்க்கோட்டில் வைத்ததால், சுடும்போது உதை நேராகத் தோளுக்கு வந்தது. முனை மேலே எகிறுவது குறைந்தது. இரண்டாவது குண்டும் ஏறக்குறைய முதல் குண்டு போன இடத்துக்கே போகும். கட்டை நேராகிவிட்டதால் குறி பார்க்கும் அமைப்பை உயரத் தூக்க வேண்டியிருந்தது. அதற்காக மேலே வந்த மேடுதான் தூக்கிச் செல்லும் பிடியாகவும் ஆயிற்று. விகாரம் என்று அன்றைய தளபதிகள் முகம் சுளித்த அந்த உருவத்தில் அழகுக்காகச் செய்தது என்று எதுவுமில்லை.

முதலில் வந்தது பெரிய தோட்டா போடும் ஏஆர்-10. ஸ்டோனர் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், எடையை இன்னும் குறைக்க ஆசைப்பட்ட சல்லிவன் அதில் அலுமினியமும் எஃகும் கலந்த குழலைப் போட வைத்தார். ராணுவச் சோதனையில் குழல் வெடித்தது. 1957இல் ராணுவத்தின் புது ரைஃபிளுக்கான போட்டியில் எம்14 வென்றது. ஏஆர்-10இன் வம்சம் அத்தோடு அற்றுப்போகவில்லை. 2019இல் இந்திய ராணுவம் 72,400 வாங்கிய சிக்716 ரைஃபிள் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

ஆனால் அதே காலத்தில் ராணுவத்துக்குள் வேறொரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. 1952இல் நார்மன் ஹிட்ச்மன் என்ற ஆய்வாளர் ஓர் அறிக்கை கொடுத்திருந்தார். போர்க்களத்தில் ரைஃபிள் குண்டு எதிரி மேல் படுவது பெரும்பாலும் 300 கஜத்துக்குள்தான். அப்படியிருக்க, 1000 கஜம் பாயும் கனத்த தோட்டாவைச் சிப்பாய் சுமப்பானேன்? சின்னக் குண்டு, அதிவேகம், கையில் நிறைய தோட்டா. ஜெனரல் வில்லர்ட் வைமன் இந்தக் கணக்கில் ஒரு துப்பாக்கி கேட்டார்: 6 பவுண்டு எடை, 20 தோட்டா மேகசின், 500 கஜத்தில் இரும்புத் தொப்பியைத் துளைக்க வேண்டும். ராபர்ட் ஃப்ரீமான்ட், ஜிம் சல்லிவன் என்ற இரண்டு பேர் ஸ்டோனரின் ஏஆர்-10ஐ அளவு குறைத்து ஏஆர்-15ஐ வரைந்தார்கள். பழைய தோட்டா ஒன்றின் எடையில் இதற்கு இரண்டு தோட்டா வந்துவிடும்.

அந்தச் சின்னக் குண்டு குழலை விட்டு வெளியேறும் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 1 கிலோமீட்டர். உடலில் பட்டதும் நிலைகுலைந்து புரளும், உடைந்து சிதறும். போகிற வழியைச் சுற்றியுள்ள சதையும் சேர்ந்து கிழியும். பார்க்லேண்ட் பள்ளித் துப்பாக்கிச்சூட்டில் அடிபட்டு வந்த ஒருவரின் ஸ்கேன் படத்தைப் பார்த்த கதிரியக்க மருத்துவர், உள்ளுறுப்பு சம்மட்டியால் அடித்த பழுத்த முலாம்பழம் போல இருந்தது என்று பின்னர் எழுதினார். லெமே பார்த்ததும் இதைத்தான். அவருக்கு அது சிபாரிசாகத் தெரிந்தது.

ஃபேர்சைல்டு 1959இல் 75,000 டாலருக்கும் விற்பனையில் ஒரு பங்குக்கும் உரிமையை கோல்ட்டிடம் தள்ளிவிட்டது. லெமே விமானப்படைத் தளபதியானதும் கொத்தாக வாங்கக் கேட்டார். 1962இல் தென் வியட்நாம் படைகளுக்கு 1000 துப்பாக்கிகள் சோதனைக்காகப் போயின. அங்கிருந்து வந்த அறிக்கை, அது உண்டாக்கிய காயங்களை உடலுறுப்பு வாரியாக விவரித்தது. பாதுகாப்பு அமைச்சர் மக்நமாரா 1963இல் 1 லட்சத்துக்கும் மேல் ஆர்டர் கொடுத்தார். எம்16 என்று பெயர் மாறியது.

பிறகு நடந்த கூத்து தனிக் கதை. வெடிமருந்தின் வகையை ராணுவம் மாற்றியது. குண்டறைக்குக் குரோமியப் பூச்சு வேண்டாம் என்றது. தானே சுத்தம் செய்துகொள்ளும் துப்பாக்கி என்ற வதந்தியை நம்பித் துடைக்கும் கருவிகளைக்கூடச் சரியாக அனுப்பவில்லை. வியட்நாமில் சண்டை நடுவே துப்பாக்கிகள் அடைத்துக்கொண்டன. செத்துக் கிடந்த சிப்பாய்களின் பக்கத்தில் பிரித்துப் போட்ட துப்பாக்கிகள் கிடந்ததாக வீட்டுக்குக் கடிதங்கள் வந்தன. 1967இல் நாடாளுமன்றக் குழு விசாரித்து, இது குற்றத்தை ஒட்டிய அலட்சியம் என்றது. கோளாறுகள் சரிசெய்யப்பட்டன. சிப்பாய்களுக்குத் துப்பாக்கி துடைக்கச் சொல்லிக்கொடுக்க, சித்திரக்கதை மன்னர் வில் ஐஸ்னரை வைத்து ஒரு படக்கதைக் கையேடே போட்டார்கள்.

இனி வீட்டுக்குள் வந்த கதை. விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடுவது எம்16. அதற்கான சில உதிரிகளை நீக்கி, ஓர் அழுத்தலுக்கு ஒரு குண்டு என்று மாற்றி, 1964இல் ‘ஏஆர்-15 ஸ்போர்ட்டர்’ என்ற பெயரில் கோல்ட் கடைக்கு அனுப்பியது. வேட்டைக்காரர்களையும் காட்டில் கூடாரம் போடுகிறவர்களையும் நோக்கி விளம்பரம் செய்தது. யாரும் பெரிதாகச் சீந்தவில்லை. வேட்டைக்காரர்களுக்கு வழவழப்பான மரக் கட்டையும் தாத்தா காலத்து போல்ட்டும் இருந்தால்தான் துப்பாக்கி. இந்தக் கறுப்புப் பிளாஸ்டிக்கைப் பார்த்தாலே ஆகாது. 1977இல் ஸ்டோனரின் காப்புரிமை முடிந்து, யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆன பின்பும் சின்னச் சின்னப் பட்டறைகள் மட்டுமே களத்தில் இறங்கின. பெரிய கம்பெனிகள் இதைத் தங்கள் கௌரவத்துக்குக் குறைச்சலாக நினைத்தன.

1989 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் ஒரு பள்ளி விளையாட்டுத் திடலில் ஒருவன் 5 குழந்தைகளைக் கொன்றான். கம்போடியாவிலும் வியட்நாமிலும் போருக்குத் தப்பி வந்த குடும்பங்களின் குழந்தைகள். அவன் கையில் இருந்தது ஏகே ரகம்; பழி மொத்தப் போர்த்துப்பாக்கி ஜாதிக்கும் விழுந்தது. கலிஃபோர்னியா அந்த ஆண்டே தடை போட்டது. தேசம் முழுவதற்குமான தடையைக் கொண்டுவர உழைத்தவர் செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன். 1978இல் சான் ஃபிரான்சிஸ்கோ நகரமன்றத்தில் அதன் உறுப்பினர் ஹார்வி மில்க் சுட்டுக் கொல்லப்பட்டபோது உடலை முதலில் கண்டவர் அவர். துப்பாக்கி என்ன செய்யும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1994 செப்டம்பர் 13 அன்று அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்டார்.

சட்டம் எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல் வந்தது. எதைத் தடை செய்வது? ஓர் அழுத்தலுக்கு ஒரு குண்டு என்பது வேட்டைத் துப்பாக்கிகளிலும் உண்டு. தோட்டா அதே தோட்டா. கடைசியில் உருவத்தைப் பிடித்துக்கொண்டார்கள். 19 மாதிரிகளைப் பெயர் சொல்லித் தடுத்தார்கள். மற்றவற்றுக்கு ஒரு கணக்கு: கழற்றி மாட்டும் மேகசின் கொண்ட ரைஃபிளில் மடக்கும் கட்டை, பிஸ்டல் கைப்பிடி, பயனட் கத்தி மாட்டும் இடம், தீப்பிழம்பை மறைக்கும் முனை, குண்டெறி குழாய் இவற்றில் இரண்டு இருந்தால் குற்றம், ஒன்று மட்டும் இருந்தால் குற்றமில்லை. அமெரிக்கத் தெருவில் யாரும் பயனட்டால் குத்திச் செத்ததாகத் தெரியவில்லை. கம்பெனிகள் பயனட் முளையையும் முனைத் திருகையும் அறுத்துவிட்டு அதே துப்பாக்கியை விற்றன. ஒலிம்பிக் ஆர்ம்ஸ் என்ற கம்பெனி தன் மாதிரிக்கு ‘அரசியல் நாகரிகம் தெரிந்த ரைஃபிள்’ என்ற பொருளில் பெயரே வைத்துக் கிண்டலடித்தது.

உருப்படியான ஒரு விஷயமும் அந்தச் சட்டத்தில் இருந்தது: 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின்களைப் புதிதாக விற்கக் கூடாது. கூட்டத்தில் சுடுகிறவன் மேகசின் மாற்ற நிற்கும் சில நொடிகளில் ஆட்கள் தப்பி ஓடியிருக்கிறார்கள். ஆனால் ஏற்கெனவே மக்களிடம் இருந்தவற்றுக்கு விலக்கு. அதோடு, பத்தாண்டில் தானாகக் காலாவதியாகும் என்று ஒரு பிரிவு.

சீந்துவாரின்றிக் கிடந்த பொருளுக்கு அரசாங்கமே கவர்ச்சியை ஏற்றிவிட்டது. தடைக்கு முந்தையது என்று முத்திரை விழுந்த துப்பாக்கிக்கும் மேகசினுக்கும் விலை ஏறியது. அதுவரை ஏறெடுத்துப் பார்க்காதவனும் கிடைக்காமல் போய்விடுமே என்று வாங்கினான். துப்பாக்கி வைத்திருப்பது உரிமை என்று நினைத்தவர்களுக்கு, அந்த உரிமையின் கொடியாக நிற்க ஓர் உருவம் தேவைப்பட்டது. சட்டம் அந்த உருவத்தை 5 அம்சங்களோடு அச்சடித்தே கொடுத்தது.

2004 செப்டம்பர் 13 அன்று தடை காலாவதியானது. நீட்டிக்க ஆளில்லை. அடுத்த ஆண்டே, துப்பாக்கியைக் கொண்டு பிறர் செய்யும் குற்றத்துக்குக் கம்பெனிகள் மேல் வழக்குப் போடுவதைப் பெரும்பாலும் தடுக்கும் சட்டம் வந்தது. இராக்கிலும் ஆஃப்கானிஸ்தானிலும் எம்16 குடும்பத்து ஆயுதங்களோடு நின்ற வீரர்களின் படங்கள் தினமும் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தன. 2006இல் செர்பரஸ் என்ற வால் ஸ்ட்ரீட் முதலீட்டு நிறுவனம், ஏஆர் துப்பாக்கி செய்த புஷ்மாஸ்டர் கம்பெனியை வாங்கி, இன்னும் பல துப்பாக்கிக் கம்பெனிகளை அதோடு சேர்த்தது. பட்டறைத் தொழில் வால் ஸ்ட்ரீட் கணக்குக்கு மாறியது. புஷ்மாஸ்டரின் ஒரு விளம்பரம், இந்தத் துப்பாக்கியை வாங்கினால் உன் ஆண்மைக்கான அடையாள அட்டை திரும்பக் கிடைக்கும் என்கிற தொனியில் பேசியது. தொழில்துறைச் சங்கமோ இதற்கு ‘நவீன விளையாட்டு ரைஃபிள்’ என்று புதுப் பெயர் சூட்டியது.

வாங்கியவர்கள் எல்லாரும் ஆண்மைச் சான்றுக்காக வாங்கினார்கள் என்று சொன்னால் அது அநியாயம். எடை குறைவு, உதை குறைவு. உடல் பலம் குறைந்தவர்களும் எளிதாகக் குறி வைக்கலாம். டெக்சாஸ் விவசாயிகளுக்குக் காட்டுப்பன்றி விரட்ட உதவுகிறது. இரண்டு ஊசிகளை விரலால் தள்ளினால் துப்பாக்கி மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டாகப் பிரிந்துவிடும். வேறு குழல், வேறு கட்டை, வேறு பிடி, தொலைநோக்கி, டார்ச் என்று, கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்வது போல, ஆளுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். இதில் வேடிக்கை என்னவென்றால், மத்தியச் சட்டத்தின் கண்ணில் இந்த மொத்தத்தில் துப்பாக்கி என்பது அந்தக் கீழ்பாதி மட்டும்தான். ஒரு கையில் பிடிக்கக்கூடிய ஓர் அலுமினியக் கூடு. வரிசை எண் அதில்தான் பொறித்திருக்கும். அதை வாங்கப் பின்னணிச் சோதனை உண்டு. குண்டு பாயும் குழலையும் மற்ற பாகங்களையும் பெரும்பாலான மாநிலங்களில் தபாலில் வரவழைக்கலாம்.

2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலம் நியூட்டவுனில் சாண்டி ஹுக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். புஷ்மாஸ்டர் ஏஆர் துப்பாக்கி. சட்டப்படி வாங்கப்பட்டது, கொலையாளியின் தாயால். அந்த அம்மாளைத்தான் அவன் முதலில் சுட்டான். மறுபடி தடை வரும் என்ற பயத்தில் அடுத்த சில வாரங்களில் கடைகளில் ஏஆர் இருப்பு காலியானது. 2013 ஏப்ரலில் ஃபைன்ஸ்டைனின் புதிய தடை மசோதாவுக்கு செனட்டில் கிடைத்தவை 40 ஓட்டு. ஒவ்வொரு படுகொலைக்குப் பிறகும் இதே வரிசைதான்: சாவு, தடைப் பேச்சு, விற்பனை ஏற்றம், பேச்சு அடங்கல். கம்பெனிகளுக்கு இதைவிடச் சிறந்த விளம்பரத்தை எந்த ஏஜென்சியும் எழுதித் தந்திருக்க முடியாது.

ஆயுதம் தாங்கிய நல்லவன்தான் ஆயுதம் தாங்கிய கெட்டவனைத் தடுப்பான் என்ற வாதம் சாண்டி ஹுக்குக்குப் பின்தான் உரத்து ஒலித்தது. அதற்குச் சாட்சி உண்டு. 2017 நவம்பரில் டெக்சாஸின் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் ஏஆர் ரகத் துப்பாக்கியால் 26 பேரைக் கொன்றவனை, அருகில் குடியிருந்த ஸ்டீபன் வில்லிஃபோர்ட் தன் ஏஆர்-15ஐ எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடிவந்து சுட்டு விரட்டினார். ஆனால் அவர் வந்தபோது 26 பேரின் கதை முடிந்திருந்தது. கொலையாளிக்குத் துப்பாக்கி விற்றிருக்கவே கூடாது. அவன் மேலிருந்த குடும்ப வன்முறைத் தீர்ப்பை அவன் வேலை பார்த்த விமானப்படை தகவல் வங்கிக்கு அனுப்பாமல் விட்டதால் சோதனையில் தேறிவிட்டான். எதிர்ச்சாட்சியும் உண்டு. 2022 மே மாதம் உவால்டேயில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்த பள்ளிக்கு வந்து சேர்ந்த ஆயுதம் தாங்கிய நல்லவர்கள் 376 பேர். வகுப்பறைக்குள் நுழைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. உள்ளே இருப்பவன் கையில் ஏஆர் இருந்ததே தயக்கத்துக்குக் காரணம் என்று அவர்களில் சிலர் பிற்பாடு விசாரணையில் சொன்னார்கள்.

ஏஆரை எடுத்துவிட்டால் அமெரிக்காவின் துப்பாக்கிச் சாவு தீர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அங்கே துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. கொலைகளிலும் பெரும்பங்கு கைத்துப்பாக்கிக்கு; எல்லா ரைஃபிள்களையும் கூட்டினாலும் சில சதவீதம்தான். தடைக்கு எதிரானவர்கள் இந்தக் கணக்கைச் சொல்லும்போது அதில் பொய் இல்லை. ஆனால் ஒரே இடத்தில், சில நிமிடங்களில், மிக அதிகம் பேரைக் கொன்ற சம்பவங்களின் பட்டியலை எடுத்தால் இந்தத் துப்பாக்கி திரும்பத் திரும்ப வருகிறது. 300 கஜத்துக்குள் பல பேரை விரைவாக வீழ்த்த வேண்டும் என்று கேட்டுச் செய்த பொருள் கேட்டதைச் செய்கிறது.

ஸ்டோனர் 1997இல் இறந்தார். தன் பொழுதுபோக்குக்கோ பாதுகாப்புக்கோ அவர் இதை வைத்துக்கொண்டதில்லை என்றும், ராணுவத்துக்காகத்தான் செய்தார் என்றும், நடப்பதைப் பார்த்தால் நொந்திருப்பார் என்றும் அவர் குடும்பத்தார் 2016இல் சொன்னார்கள். சாண்டி ஹுக் பெற்றோர்கள் வேறு வழியில் போனார்கள். கம்பெனிப் பாதுகாப்புச் சட்டத்தில் இருந்த ஓர் ஓட்டையைப் பிடித்து, துப்பாக்கியை விட்டுவிட்டு விளம்பரத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். 2022 பிப்ரவரியில் புஷ்மாஸ்டரின் தாய்க் கம்பெனியான ரெமிங்டனின் காப்பீட்டாளர்கள் 7.3 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள்.

தடைச் சட்டங்கள் இப்போது மாநிலங்களின் கையில் இருக்கின்றன. அவற்றின் ஆயுள் நீதிமன்றத்தின் கையில். 2008இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் அளவுகோல் சொன்னது: மக்களிடையே பொதுப் பயன்பாட்டில் உள்ள ஆயுதத்துக்கு அரசியலமைப்பின் பாதுகாப்பு உண்டு. அதே தீர்ப்பு, எம்16 போன்ற போர்த்துப்பாக்கிகளைத் தடுக்கலாம் என்கிற மாதிரியும் பேசியது. ஏஆர்-15 இதில் எந்தப் பக்கம்? சில உதிரிகள் குறைந்த எம்16 என்றால் தடுக்கலாம். ஊரெல்லாம் வைத்திருக்கும் பொருள் என்றால் தொட முடியாது. மேரிலாந்தின் தடை செல்லும் என்று கீழ் நீதிமன்றம் சொன்னதை எதிர்த்து வந்த மேல்முறையீட்டை 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொள்ள மறுத்தது. ஆனால் நீதிபதி கேவனா தனியாக ஒரு குறிப்பு எழுதினார்: அமெரிக்கர்களிடம் 2 கோடி முதல் 3 கோடி ஏஆர்-15கள் இருப்பதாக மதிப்பீடு, 50 மாநிலங்களில் 41இல் அது சட்டபூர்வம், ஓரிரு ஆண்டுகளில் இந்தக் கேள்வியை நீதிமன்றம் கையில் எடுக்க வேண்டியிருக்கும். அந்த 2 முதல் 3 கோடியில் பெரும்பகுதி 2004க்குப் பிறகு, தடை வந்துவிடுமோ என்ற பயம் எழுந்தபோதெல்லாம் அள்ளிச் சென்றது. இனித் தடை போட முடியுமா என்று தீர்மானிக்கப்போகும் எண்ணிக்கையும் அதுவே.